கிண்டிய கோலையும் எடை போட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியை நாள் தவறாமல் படிப்பவன் நான். எந்தப் பிரச்சினையானாலும் அங்கே இரண்டு குரல்கள் மாறி மாறி ஒலிப்பதைக் கவனித்து வருகிறேன். ‘அரசே அறிவித்துவிட்ட பிறகு இதில் சந்தேகத்துக்கு என்ன இடம்?’ என்பது ஒன்று. ‘அரசு இவ்வளவு அவசரமாக மறுக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது’ என்பது மற்றொன்று. எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றினாலும், இருவரும் செய்வது ஒரே காரியம்தான். சொன்னவர் யார் என்று பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, சொல்லப்பட்டது என்ன என்று பார்க்கும் சிரமத்திலிருந்து இருவருமே தப்பித்துக்கொள்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

சில நாட்களுக்கு முன் முடிதிருத்தும் கடையில் காத்திருந்தபோது, என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். மூலிகை பெட்ரோல் பற்றியது. “பார்த்தீங்களா சார், நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் தண்ணியில பெட்ரோல் எடுத்தார், எண்ணெய்க் கம்பெனிக்காரன் எல்லாம் சேர்ந்து ஒழிச்சிட்டான்” என்றார். அந்த இளைஞர் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். நான் நடத்திய பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர். அவர் சொன்னது அவரைவிட என்னைத்தான் குற்றம் சாட்டியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விவகாரத்தை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாக: எங்கள் மாவட்டத்து இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர், ஒரு மூலிகையின் இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் வேறு சில பொருட்களும் சேர்த்துக் கிண்டினால் எரிபொருள் கிடைக்கிறது என்று 1996-இல் செய்து காட்டினார். பாத்திரத்தின் மேற்பரப்பில் ஒரு திரவம் மிதந்தது, அது எரிந்தது, வண்டியும் ஓடியது. டெல்லி ஐஐடியில் செய்முறை விளக்கம் நடந்தது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆர்வம் காட்டியது. மாநில அரசும் ஊக்கம் கொடுத்தது. நாடெங்கும் பத்திரிகைகள் படத்துடன் செய்தி வெளியிட்டன. ஒரு கிராமத்து இளைஞர், பெரிய படிப்பில்லை, இந்தியாவின் எண்ணெய்க் கவலையைத் தீர்க்கப் போகிறார் என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெருமை ஒரு மடங்கு அதிகமாகவே இருந்தது.

எனக்கும் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது என்று சொல்லும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியை அந்த மாதத்தில்தான் நடத்தியிருந்தேன் என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சார், அந்தக் கிண்டுற கோலை எடை போட்டாங்களா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். டெல்லியில் அவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள், உனக்குக் கோல்தான் பிரச்சினையா என்று சொல்லி உட்காரவைத்தேன். என் ஆசிரியப் பணியில் நான் சொன்ன மிக மோசமான பதில் அது. அவள் கேட்டது வேதியியல். நான் அவளுக்கு எடுத்துக்காட்டியது பதவிகளின் பட்டியல்.

அன்று கரும்பலகையில் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு மிக எளியது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதில் 85 விழுக்காட்டுக்கு அருகில் கார்பன், அதாவது சுமார் 630 கிராம். தண்ணீரில் கார்பன் கிடையாது. உப்பிலும் கிடையாது. எலுமிச்சைச் சாற்றில் இருப்பது மிகச் சொற்பம். ஆகவே அவ்வளவு கார்பனும் இலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். காய்ந்த இலையில் பாதிக்கும் சற்றுக் குறைவான அளவே கார்பன் உண்டு. பச்சை இலையில் முக்கால் பங்கு வெறும் நீர். இலையிலுள்ள கார்பனின் கடைசி அணுவரை பெட்ரோலாக மாறிவிட்டது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும்கூட, ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாத பச்சிலை வேண்டும். பாத்திரத்தில் போட்டதோ ஒரு சிறு பிடி.

ஆற்றல் கணக்கும் அப்படியே. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மிச்சம் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து வந்திருக்க முடியாது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சிய சாம்பல் என்றே சொல்லலாம், சாம்பலை மறுபடி எரிக்க முடியாது. இவ்வளவையும் போட்டுப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மளிகைக் கடைக்காரர் மாலையில் கல்லாவை எண்ணும்போது செய்வதுதான் இது. வரவுக்கு மேல் இருப்பு இருந்தால், கணக்கில் எழுதாத ஒரு வரவு எங்கோ இருக்கிறது.

அந்த எழுதாத வரவு கோலுக்குள் இருந்தது என்பதுதான் பின்னர் வெளிவந்த விளக்கம். உள்ளீடற்ற கோலில் பெட்ரோலியப் பொருளை நிரப்பி மெழுகால் அடைத்துவிட்டால், கொதிநீரில் கிண்டும்போது மெழுகு உருகும், உள்ளிருப்பது வெளியேறி மேலே மிதக்கும். 1996 செப்டம்பரில் சென்னை ஐஐடியில் கண்காணிப்போடு நடந்த சோதனையில் மூலிகை பெட்ரோல் தேறவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவி மட்டும் விருதுநகர் மாவட்டத்து வகுப்பறையில் உட்கார்ந்தபடி கையைப் பார்த்திருக்கிறாள்.

விஞ்ஞானிகள் எப்படி ஏமாந்தார்கள் என்று பலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. ஏளனத்துக்கு இதில் இடமில்லை என்பது என் எண்ணம். ஆய்வுக்கூடத்தில் பழகியவர்கள் இயற்கையோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். இயற்கை எதையும் மறைக்கலாம், ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றுவதில்லை. ஏமாற்றைக் கண்டுபிடிப்பது வேறொரு தொழில். அதில் ஒரு தெருவோர மோடி வித்தைக்காரருக்கு இருக்கும் தேர்ச்சி ஒரு பேராசிரியருக்கு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதைவிட முக்கியமான காரணம், அங்கே கிடைத்த சான்று வேறொரு கேள்விக்கான சான்று என்பது. திரவம் எரிகிறதா என்று பார்த்தார்கள், எரிந்தது. பகுத்துப் பார்த்தால் பெட்ரோலியத்தை ஒத்த எரிபொருள்தான் என்று தெரிந்தது. உடனே ஊரெல்லாம் ‘ஐஐடியே சோதித்துச் சொல்லிவிட்டது’ என்று பேச்சு. அந்தத் திரவம் எரிபொருளா என்று யாருமே ஐயப்படவில்லையே! அது இலையிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தீயும் விடை தராது, ஓடிய வண்டியும் விடை தராது.

விடை தரக்கூடிய சோதனையும் இல்லாமல் இல்லை. உயிருள்ள செடி காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பனில் கதிரியக்கக் கார்பன்-14 மிகச் சிறிய அளவில் இருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த கச்சா எண்ணெயில் அது முற்றாக அழிந்துபோயிருக்கும். நேற்றுப் பறித்த இலையிலிருந்து வந்த பெட்ரோலுக்கும் கிணற்றிலிருந்து இறைத்த பெட்ரோலுக்கும் நிறத்திலும் மணத்திலும் வேறுபாடு தெரியாவிட்டாலும், இந்த ஒரு சோதனையில் வேறுபாடு தெரிந்தே தீரும். உண்மையான கண்டுபிடிப்பாளர் எவரும் முதலில் கேட்டுப் பெற விரும்பும் சோதனை இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் வாயை அடைப்போர் அனைவரின் வாயையும் அது ஒரே நாளில் அடைத்துவிடும்.

இனி எண்ணெய்க் கம்பெனிகளின் சதி என்ற வாதத்துக்கு வருகிறேன். பெருநிறுவனங்கள் சதி செய்யாது என்று நான் வாதிடப் போவதில்லை. செய்த வரலாறு உண்டு. ஆனால் ஒரு சதி நடந்திருக்கக்கூடும் என்பது வேறு, இந்த விஷயத்தில் நடந்தது என்பது வேறு. 1999, 2000 ஆண்டுகளில் மூலிகை எரிபொருள் என்ற பெயரில் சென்னையில் கடைகள் திறந்து விற்பனையே நடந்தது. அதை யாரும் தடுத்துவிடவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தபோது வைத்த குற்றச்சாட்டு, டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருட்களை வாங்கிக் கலந்து விற்றார்கள் என்பது. விற்ற தொகை இரண்டு கோடி ரூபாய்க்கும் மேல். இங்கும் கதை வரவு ஏட்டில்தான் முடிகிறது. மூலிகை பெட்ரோல் விற்பவர் வாங்க வேண்டியது மூலிகையை அல்லவா? சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2016 அக்டோபரில் அவருக்கும் மற்றும் சிலருக்கும் மூன்றாண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் சொல்லி வந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்வதுதான் நியாயம். நீதிமன்றம் தண்டித்ததால் மட்டும் நான் அவரை நம்பவில்லை என்பதில்லை. நீதிமன்றங்களும் தவறலாம். 630 கிராம் கார்பனுக்கு இன்றுவரை யாரும் கணக்குக் காட்டவில்லை என்பதால் நம்பவில்லை.

கடையில் அந்த இளைஞரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை கேட்டார்: “அப்ப கவர்ன்மென்ட் சொல்றதை நம்பணும்கிறீங்களா சார்?” இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அந்தக் கேள்விதான். ஏனென்றால் மூலிகை பெட்ரோலைத் தூக்கிப் பிடித்தவர்களில் அரசும் இருந்தது. இந்த விவகாரத்தில் அரசு ஒரு நேரம் நம்பியது, ஒரு நேரம் வழக்குப் போட்டது. ஆகவே அரசை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இதிலிருந்து விடையே கிடைக்காது.

நம்பிக்கை வேறு, கணக்கு வேறு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னொரு சம்பவம் உதவியிருக்க வேண்டும். அது இதற்கும் ஓராண்டு முன்பே நடந்தது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி விடியுமுன் டெல்லியில் கிளம்பி, மதியத்துக்குள் நாடெங்கும் பரவியது. என் தாயார் வற்புறுத்தியதால் தெருமுனைக் கோயிலில் நானும் வரிசையில் நின்றேன். கரண்டியிலிருந்த பால் குறைந்தது உண்மை. அன்றைக்கே அறிவியலாளர்கள் பாலில் வண்ணம் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியை விட்டு நீங்கிய பால், சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. நனைந்த கல்லில் வெள்ளைப் படலம் தெரியாது, சிவப்புப் படலம் தெரியும். கரண்டியில் குறைந்த பால் எங்கே போனது என்று கேட்டவர்களுக்கு விடை காலடியில் கிடந்தது. என் தாயாருக்கு இதைச் சொன்னபோது அவர் சலனமே படவில்லை. “குடிச்சாலும் குடிக்காட்டியும் அவர் பிள்ளையார்தானே” என்றார். பக்தி அவருக்குச் சான்றைச் சார்ந்ததாக இல்லை, அதனால் சான்று போனதும் பக்தி போகவில்லை. இதில் எனக்குச் சண்டையும் இல்லை.

இதே தராசை அரசின் முன்னும் வைத்துப் பார்க்க வேண்டும். 2020 கோடையில் சென்னையில் கொரோனா இறப்பு எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படுகிறது என்ற புகார் எழுந்தது. புகார் சொன்னவர்கள் யாரோ அனுப்பிய குரல் பதிவை நம்பிச் சொல்லவில்லை. சுகாதாரத் துறை அன்றாடம் வெளியிட்ட அறிக்கையில் ஒரு எண், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் வேறொரு எண். இரண்டும் அரசின் ஏடுகள்தான். முதலில் வந்த பதில், எதையும் மறைக்கவில்லை, மறைப்பதால் அரசுக்கு என்ன லாபம் என்பது. இது மறைக்கும் எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கான பதில். கேட்கப்பட்டதோ எண்ணிக்கை. இரண்டு ஏடுகளையும் ஒப்பிட ஒரு குழு அமைக்கப்பட்டு, ஜூலை 22 அன்று விடுபட்ட 444 இறப்புகள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அந்த 444 குடும்பங்களைப் பொறுத்தவரை, அதற்கு முந்தைய நாள்வரை அவர்கள் வீட்டில் நடந்ததே அதிகாரபூர்வமாக நடக்கவில்லை.

அந்தச் சம்பவத்தில் அரசைக் குறை சொல்வதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். குழுவை அமைத்ததும் அரசுதான், தவறியதைச் சேர்த்து வெளியிட்டதும் அரசுதான். ஆனால் பதிவேடு என்ற ஒன்று இருந்ததால்தான், அதை எடுத்துவைத்து யாரோ கேட்டதால்தான் அது நடந்தது. ‘எனக்கென்னவோ நிறையப் பேர் செத்திருப்பாங்கன்னு தோணுது’ என்று டீக்கடையில் ஆயிரம் பேர் பேசியிருந்தாலும் ஒரு இலக்கம்கூட மாறியிருக்காது.

நாடு முழுமைக்குமான கணக்கு இன்னும் பெரிது. பிறப்பு இறப்புப் பதிவு முறையின் கீழ் 2019-இல் இந்தியாவில் பதிவான இறப்புகள் சுமார் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் ஒரு கோடியே இரண்டு லட்சம். ஓராண்டில் ஏறிய எண்ணிக்கை 21 லட்சத்துக்கு அருகில். அந்த 2021-ஆம் ஆண்டில் கொரோனாவால் நேர்ந்ததாக அரசு தன் அன்றாட அறிக்கைகளில் சொன்ன இறப்புகளோ மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. பதிவு செய்யும் பழக்கம் பரவுவதாலும் எண்ணிக்கை கூடும், மருத்துவமனையில் இடம் கிடைக்காமல் வேறு நோயால் இறந்தவர்களும் இதில் உண்டு என்பதையெல்லாம் கழித்தாலும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு விளக்கம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள் என்று 2022 மே மாதத்தில் மதிப்பிட்டபோது, கணக்கிட்ட முறை சரியில்லை என்று மத்திய அரசு ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தில் பொருள் இல்லாமல் இல்லை. அது கணித மாதிரியின் மூலம் பெற்ற மதிப்பீடு, நேரில் எண்ணியது அல்ல. வெளிநாட்டு நிறுவனம் சொன்னதாலேயே அது வேதவாக்கும் ஆகிவிடாது. ஆனால் மதிப்பீடு தவறு என்று சொல்பவர் எண்ணிக்கையை எடுத்துவைக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் பதிவுக் கணக்கு வெளிவந்தது 2025 மே மாதத்தில். தேர்வு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, திருத்தியவரைக் குறை சொல்வது போலத்தான் இது இருக்கிறது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகத்தில் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் அச்சம் பரவியது. எங்கள் பள்ளியில் ஊசி போடும் நாளில் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவே இல்லை. சிலர் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். அரசின் பதில் ஒரு சுற்றறிக்கையாக வந்தது: வதந்திகளை நம்ப வேண்டாம், பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். தலைமையாசிரியர் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார். வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டு மனம் மாறவில்லை. பயம் கூடியதுதான் மிச்சம்.

மாற்றியவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த செவிலியர். அவர் மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்துக் காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். தனியார் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்துப் போட்டுவரும் எம்எம்ஆர் ஊசியில் புட்டாளம்மைக்கான பகுதியை நீக்கியதுதான் இது என்றார். ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும் என்று ஒரு தாய் கேட்டதற்கு, முதல் ஊசி எல்லாக் குழந்தைக்கும் பலன் தந்துவிடுவதில்லை, எல்லோருக்கும் ஒரே காலத்தில் போட்டால்தான் விட்ட இடம் அடைபடும் என்று விளக்கினார். ரூபெல்லா ஒரு சிறுமிக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும், அதே நோய் கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கும் என்று அவர் சொன்னபோது, வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். ஊசி போட்டபின் சிலருக்குக் காய்ச்சல் வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஒப்புதல்தான் மற்றதையெல்லாம் நம்பவைத்தது என்பது என் கணிப்பு. அன்று அரசு சொன்னது சரி. ஆனால் சுற்றறிக்கையில் அது சரி என்பதற்கான காரணம் ஒன்றுகூட இல்லை. மூன்று ஆண்டு கழித்து இறப்புக் கணக்கு பற்றிக் கேட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே தொனியில்தான் பதில் வந்தது. தவறான அச்சத்துக்கும் சரியான கேள்விக்கும் ஒரே வாசகத்தைப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தால், படிப்பவர் இரண்டுக்கும் எப்படி வேறுபாடு காண்பார்?

‘வதந்தி’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யார் கிளப்பியது என்று தெரியாமல் வாய்வழியாகப் பரவும் செய்திக்குத்தான் அந்தப் பெயர். இப்போதெல்லாம் ஓர் அலுவலகத்துக்குப் பிடிக்காத செய்திக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள், செய்தி சொன்னவர் பெயர், முகவரி, ஆவண எண் எல்லாம் கொடுத்திருந்தாலும்கூட. 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் இதை ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. மத்திய அரசின் பணிகள் குறித்து இணையத்தில் வரும் செய்திகளில் எது பொய், எது திரிக்கப்பட்டது என்று அடையாளம் காட்டும் பொறுப்பை, மத்திய அரசே அமைக்கும் ஒரு சரிபார்ப்புப் பிரிவுக்கு அது வழங்கியது. அந்தப் பிரிவுக்கான அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது. அரசு தன் தரப்பு மறுப்பை வெளியிட எந்தத் தடையும் இல்லை, வெளியிடவும் வேண்டும். ஆனால் கோலைக் கையில் வைத்திருப்பவரே அதை எடை போட்டுச் சீட்டும் எழுதிக் கொடுப்பது என்பதை, நல்லெண்ணம் கொண்ட அரசுக்குக்கூட நான் அனுமதிக்க மாட்டேன்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்கிறது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தால் வந்தது. எங்கள் பள்ளியில் அதைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தோம். நெருக்கடி நிலைக் காலத்தில், பத்திரிகைத் தணிக்கை நடைமுறையில் இருந்தபோது நிறைவேறிய திருத்தம் அது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எவரையும் நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். ஓர் அலுவலகம் ஒரு செய்தியை மறுத்துக் குறிப்பு அனுப்பும்போது, அந்த மறுப்பு எந்தப் பதிவேட்டை, எந்தத் தேதிவரை பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேட்டு, அதை அச்செழுத்தில் இரண்டு வரியாவது சேர்த்து வெளியிடுங்கள். அலுவலகம் அதைத் தர மறுத்தால், தர மறுத்தது என்பதையும் வெளியிடுங்கள். அதே போல, அதிசயச் சாதனம், அற்புத மருந்து என்று யாராவது செய்முறை காட்டும் செய்தி வந்தால், உள்ளே போன பொருட்களின் எடையும் வெளியே வந்ததின் எடையும் யார் முன்னிலையில் அளக்கப்பட்டன என்று தங்கள் செய்தியாளர் கேட்டு எழுதட்டும். 1996-இல் எந்தப் பத்திரிகையாவது அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால், நான் என் மாணவியை உட்காரச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் அச்சாகி அவள் கண்ணில் பட்டால், அன்று அவள் கேட்ட கேள்விக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான தாமதத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற முதுநிலை வேதியியல் ஆசிரியர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.